குண்டுமணித் தங்கம்கூட வேண்டாம் என்பவருக்கு என்ன வாங்கிப் போவது?

டிசம்பர் பிறந்துவிட்டால் துபாயில் நம்ம ஜனங்களுக்கு ஒரே கவலைதான். ஊருக்குப் போகணும், யாருக்கு என்ன வாங்கறது? தங்கச்சி விஷயத்தில் பிரச்சினை இல்லை, வாட்ஸ்அப்பில் லிஸ்ட்டே வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு சாக்லேட் டப்பா. மாட்டிக்கொள்வது அப்பாக்களிடமும் தாத்தாக்களிடமும்தான். சட்டை எடுத்துப் போனால் மடிப்புக் கலையாமல் பீரோவுக்குப் போகும். செல்போன் வாங்கிக் கொடுத்தால் பேரன் கையில் இருக்கும். கோடாலித் தைலம் மட்டும் எதிர்ப்பில்லாமல் உள்ளே போகும், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அவருக்குப் போய்விடும்.

பரிசுப் பட்டியல் ஒன்று போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதைவிட எங்கள் ஊர்க் கதையைச் சொல்வது உபயோகமாக இருக்கும் என்று பட்டது. எதைக் கொடுத்தாலும் "எனக்கெதுக்குப்பா இது" என்று தள்ளிவிடும் மனிதர்களை உருவாக்குவதில் எங்கள் ஊருக்கு 120 வருஷ அனுபவம் இருக்கிறது.

ஊர் கோலார் தங்க வயல். அதற்குள் நந்திதுர்க். பெயரைக் கேட்டு நந்தி மலையில் வீடு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த மலைக்கோட்டைக்கும் எங்கள் சுரங்கத்துக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர ஒன்றும் கிடையாது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், பாலகாட் என்று லண்டனில் பங்கு விற்பதற்காக வரிசையாகக் கம்பெனிகள் ஆரம்பித்தார்கள், அதில் ஒன்றுக்கு வைத்த பெயர் இது. ஆங்கிலேயர்கள் நண்டிட்ரூக் என்று எழுதினார்கள். நாங்கள் நந்திதுர்க் மைன் என்போம். சுற்றியுள்ள லைன் வீடுகளுக்கும் அதுவே பெயர். கடைசிவரை ஓடிய மூன்று சுரங்கங்களில் எங்களுடையதும் ஒன்று.

இந்த ஊரின் கதையே ஒரு சன்மானத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இந்தப் பக்கம் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று காதில் விழுந்ததும், காட்டுகிறவர்களுக்கு வெகுமதி உண்டு என்று அறிவித்தார். கிராமத்து ஜனங்கள் மாட்டு வண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து அவர் கண்ணெதிரில் அலசிக் காட்டினார்கள். தங்கத் துகள் நின்றது. அவர் எழுதி வைத்துவிட்டுப் போனதை 1871-ல் பெங்களூரில் இருந்த மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ்காரர் படித்தார். (பெங்களூர் லாவெல் ரோடு இவர் பெயர்தான். ஊரில் வீடு தேடுகிறவர்களுக்கு அந்த ரோட்டின் விலை தெரியும்.) அவரும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார், 1875-ல் மைசூர் அரசிடம் உரிமை வாங்கினார், கையில் பணம் போதாமல் அடுத்தவர்களுக்குக் கைமாற்றினார். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. சில வருஷம் கையைக் கடித்தது. பிறகு சாம்பியன் லோடு என்ற தங்க நரம்பு பிடிபட்டது. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத் தனிப் புத்தகம் வேண்டும்.

நமக்கு வேண்டியது தோண்டியவர்களின் கதை. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். நிலமில்லாதவர்கள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள், பண்ணையாரின் கண்ணில் படாமல் கிளம்பியவர்கள். 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தபின் வருவதும் போவதும் சுலபமாயிற்று. நாம் இன்றைக்குத் துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று கிளம்புகிற மாதிரி அன்றைக்கு வட ஆற்காட்டு ஜனங்களுக்குத் தங்க வயல். ஊருக்குப் போகும்போது மூட்டை கட்டுகிற தொல்லையும் அப்படியேதான்.

அதில் ஒரு வில்லங்கம். தங்கம் எடுக்கிற இடத்திலிருந்து வருகிறவர் என்ன கொண்டு வருவார் என்று ஊர் எதிர்பார்க்கும்? எங்கள் ஆயா சொல்லும். ஆம்பூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போய் இறங்கினால் முதல் கேள்வி, "தங்க வயல்ல கீறீங்க, ஒரு குண்டுமணித் தங்கம் கொண்டாரலயா?" ஆயாவின் மூட்டையில் இருந்ததோ பிஸ்கட், வாசனை சோப்பு, ஒரு கம்பளி. கொண்டு வரவில்லை என்றால் கருமி, கொண்டு வந்தால் ஜெயில்.

ஜெயில் என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. தங்கத் திருட்டைத் தடுக்க மைசூர் அரசு தனிச் சட்டமே வைத்திருந்தது. ஷிப்ட் முடிந்து மேலே வரும் ஆளைச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். காவல் ஏற்பாடு எந்த அளவுக்கு என்றால், பின்னாளில் இந்த ஒரு ஊரே தனிப் போலீஸ் மாவட்டமாக ஆனது. 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போன ஊரில், அதை வெட்டியவர் வீட்டுப் பெண்ணுக்குக் கால் சவரன் கம்மல் வேண்டுமென்றால் சீட்டுப் போட்டு ராபர்ட்சன்பேட்டை நகைக்கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அதிலும் 1963-ல் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டு வந்தபோது 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றாகிவிட்டது. நாடு முழுக்க ஆசாரிகள் பிழைப்பு போயிற்று. 14 காரட் விதி சில வருஷத்தில் தளர்ந்தாலும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. யோசித்துப் பாருங்கள், ஏறக்குறைய சுத்தத் தங்கக் கட்டியை வார்த்து அனுப்புகிற ஊரில், தாலிக்கு 14 காரட்!

பேங்க்காரன் என்பதால் இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். 1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசு கைக்கு வந்தன, 1962-ல் மத்திய அரசுக்கு. தங்கத்தை அரசு எடுத்துக்கொண்ட விலை சர்வதேச நிதியத்தின் அதிகாரபூர்வ விலை. அதாவது அவுன்ஸுக்கு 35 டாலர். 1966 ரூபாய் மதிப்புக் குறைப்புக்குப் பின் 7.50 ரூபாய் ஒரு டாலர் என்று போட்டால் 10 கிராமுக்குச் சுமார் 84 ரூபாய். வெளிமார்க்கெட் விலை அதைவிட எவ்வளவோ மேலே. ஆக, பேப்பரில் சுரங்கம் நஷ்டம், "உங்களால நஷ்டம்" என்ற பேச்சு தொழிலாளிக்கு. இதே காலத்தில் நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிற துபாய் என்ன செய்துகொண்டிருந்தது? இங்கிருந்து மரக்கலங்களில் தங்க பிஸ்கட் பம்பாய்க் கரைக்குக் கள்ளத்தனமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் 3 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டு வெட்டிய தங்கத்தோடு, தேரா கடற்கரையில் சும்மா ஏற்றி அனுப்பிய தங்கம் போட்டி போட்டது. 1992-ல் வெளிநாட்டு இந்தியர்கள் சுங்கம் கட்டி 5 கிலோ வரை கொண்டு வரலாம் என்று மன்மோகன் சிங் திறந்துவிட்ட பிறகுதான் அந்தத் தொழில் படுத்தது.

சரி, பரிசுக்கு வருவோம்.

எல்லாம் உள்ளவனுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி தங்க வயலில் வேறு தினுசாகவும் இருந்தது. வெள்ளைக்கார துரைக்கு என்ன கொடுப்பது? பிரிட்டிஷ் இந்தியா முழுக்க இதற்கு ஒரு பதில் இருந்தது. பெயர் டாலி. கிறிஸ்துமஸ் அன்று கான்ட்ராக்டரும் கீழ் உத்தியோகஸ்தரும் பழம், பூ, இனிப்பு எல்லாம் தட்டில் அடுக்கி, ஜிகினாத் தாள் ஒட்டி, துரை பங்களா வராந்தாவில் கொண்டு போய் வைப்பார்கள். நாளாக ஆகப் பழத்துக்கு அடியில் வேறு ஐட்டங்கள் முளைத்தன. சர்க்கார் விழித்துக்கொண்டு, அதிகாரிகள் பழமும் பூவும் போன்றதைத் தவிர எதையும் தொடக் கூடாது என்று விதி போட்டது. நான் வேலை பார்க்கும் இடத்திலும் இன்றைக்கு அதே விதிதான், பரிசுப் பதிவேடு என்று கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் அனுப்பினால்கூட யார், எதற்கு, என்ன மதிப்பு என்று நிரப்ப வேண்டும். நூறு வருஷத்தில் தட்டு மட்டும்தான் மாறியிருக்கிறது.

டாலி ஆசையாகக் கொடுக்கிற பொருள் இல்லை என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அடுத்த வருஷ கான்ட்ராக்டுக்கு முன்பணம் அது. இதைப் பக்கத்தில் நின்று பார்த்த தலைமுறை எங்கள் தாத்தாக்கள். எது கைக்கு வந்தாலும் "இது எந்தக் கணக்குல?" என்று கேட்கிற புத்தி அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியமே கிடையாது.

கம்பெனி கொடுத்ததும் அப்படித்தான். வீடு கொடுத்தது. முதலில் மூங்கில் தட்டி வீடு, பிறகு லைன் வீடு. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் கொடுத்தது. பெரிய ஆஸ்பத்திரி கட்டியது. 1902-ல் சிவசமுத்திரத்தில் காவேரி நீரில் மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, சுரங்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். அவ்வளவு நீளக் கம்பி அன்றைக்கு உலகத்திலேயே அபூர்வம். பெங்களூருக்கே மூன்று வருஷம் கழித்துத்தான் கரண்ட். இதையெல்லாம் சொல்லி "லிட்டில் இங்கிலாந்து" என்று பெருமைப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெருமை தப்பில்லை. ஆனால் வேலை போனால் வீடும் போகும், வீடு போனால் தண்ணீரும் போகும். கொடுத்தது எதுவும் கொடுத்ததாக இல்லை, கடன் கொடுத்ததாகவே இருந்தது.

1930 ஏப்ரலில் கம்பெனிகள் இன்னொன்றும் கொடுக்க வந்தன. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பதிவுச் சான்றிதழ், அதில் கைரேகை. உனக்கு நல்லதுதானே, உன் பெயரில் ஒரு பத்திரம் என்கிற மாதிரி. கைரேகை எடுப்பது குற்றவாளிகளிடம் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். 21 நாள் வேலைநிறுத்தம். யூனியன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத காலம் அது. தங்க வயல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த சம்பவம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கூலி உயர்வு கேட்டு நிறைய இடத்தில் போராடியிருக்கிறார்கள். கொடுக்க வந்ததை வேண்டாம் என்று சொல்லி 21 நாள் பட்டினி கிடந்தவர்கள் எத்தனை பேர்?

கம்பெனி கொடுத்ததில் திருப்பிக் கேட்காத ஒன்று உண்டு. நெஞ்சில் படிந்த தூசி. படிகப் பாறையைத் துளை போடும்போது பறக்கும் சன்னத் தூளை மூச்சில் இழுத்து இழுத்து நுரையீரல் கல்லாகிப் போகும். சிலிகோசிஸ். 1940-களில் தங்க வயல் தொழிலாளர்களைச் சோதித்து 1947-ல் வெளியான ஆய்வில், பார்த்தவர்களில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோருக்கு இந்த வியாதி. இந்திய மருத்துவப் பாடப் புத்தகங்களில் சிலிகோசிஸ் என்ற தலைப்பில் எங்கள் ஊர்ப் பெயர் வருவது இதனால்தான். இது தவிர ராக் பர்ஸ்ட். பழைய ஆட்கள் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். மேலே லைன் வீடுகளில் அலமாரிப் பாத்திரம் கிடுகிடுவென்று ஆடும். அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். எங்கள் அம்மா ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நைனா ஷிப்டு இல்லை, மாமா ஷிப்டு. மாமா வந்துவிட்டார்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல்கூடக் கிடைத்த தங்கம் கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு சவரனுக்கு இரண்டரை டன்னுக்கும் மேல் கல். அன்றைக்கு உலகச் சந்தையில் அவுன்ஸ் 300 டாலருக்கும் கீழே. 270 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு டன் கல்லிலிருந்து 26 டாலர் சரக்கு. அதை 3 கிலோமீட்டர் கீழேயிருந்து தூக்க வேண்டும். பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கே கணக்கு புரிந்தது. ஆனால் 2025 அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியபோது, போனில் நைனா கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "இன்னும் கொஞ்ச வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா அவனுங்க?"

மூடும்போது செட்டில்மென்ட் என்று ஒரு தொகை கொடுத்தார்கள். அதற்கும் பெயர் "சிறப்பு" பலன் திட்டம். அதை எந்தக் கணக்கில் எப்படிக் கொடுத்தார்கள், எவ்வளவு நிறுத்தி வைத்தார்கள் என்ற வழக்கும் சண்டையும் பல வருஷம் ஓடியது. பிள்ளைகள் விடியற்காலை மாரிகுப்பம் ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூர் போய் ராத்திரி திரும்ப ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் போகிறார்கள். எங்களில் சிலர் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி வந்துவிட்டோம். பெரிய ஆஸ்பத்திரியும் மூடிக் கிடந்தது. 2021 கோவிட் இரண்டாம் அலையில் ஊர்ப் பையன்கள் சேர்ந்து அதைக் கழுவித் துடைத்துப் படுக்கை போட்டார்கள்.

இப்படிப்பட்ட ஒரு ஆளிடம் போய், இந்தாங்க நைனா, ஸ்மார்ட் வாட்ச், எத்தனை அடி நடந்தீங்கன்னு அதுவே கணக்கு வெச்சுக்கும் என்று நீட்டினால் என்ன ஆகும்? என் நண்பர் ஒருவர் நீட்டினார். அவர் அப்பா சாம்பியன் ரீஃபில் டிம்பர்மேனாக இருந்தவர். "என்ன, எனக்கு மறுபடியும் டோக்கனா?" என்று கேட்டாராம்.

ஆனால் வாங்கிக்கொள்ளவே தெரியாதவர்கள் இல்லை இவர்கள். தங்களுக்குள்ளே கொடுத்துக்கொண்டதைப் பார்த்தால் புரியும். டிசம்பர் மாதம் நந்திதுர்க் லைனில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் கலகலாவும் ரோஸ் குக்கியும் பொரிகிற வாசனை வரும். ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பலகாரம் அது. பிறகு தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுக்கும் புத்தருக்கு விளக்கு வைக்கிற வீட்டுக்கும் வந்துவிட்டது. தட்டில் வைத்துத் துணி மூடி அனுப்புவார்கள். தட்டு காலியாகத் திரும்பக் கூடாது, சர்க்கரையாவது இருக்க வேண்டும். இதுவும் ஒரு கணக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிற கணக்கு. துரை வராந்தாவுக்குப் போன தட்டு அப்படித் திரும்பி வந்ததில்லை.

புத்தருக்கு விளக்கு என்றேன் அல்லவா? அதுவும் எங்கள் ஊர்ச் சொத்துதான். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குத் தங்க வயல் பெரிய கோட்டை. அவர் காலத்துக்குப் பிறகு, 1926 முதல் சில ஆண்டுகள் 'தமிழன்' பத்திரிகை ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து எங்கள் ஊரிலிருந்துதான் வந்தது. பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. நாளெல்லாம் பாறை துளைத்துவிட்டு வந்த ஆட்கள் காசு போட்டு நடத்திய பத்திரிகை, அவர்களே வாங்கிய புத்தகங்கள். இந்த வாசிப்புப் பழக்கம் உள்ள பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஞான. அலாய்சியஸ் தொகுத்து பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையம் வெளியிட்ட அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுதிகளைத் தேடிப் பிடியுங்கள். 1999-ல் இரண்டும் 2003-ல் ஒன்றும் வந்தன. இதை "எனக்கெதுக்கு" என்று தள்ளிய தங்க வயல்காரரை நான் பார்த்ததில்லை. எழுத்து பொடி, நல்ல பூதக்கண்ணாடி ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கவும்.

ஆங்கிலம் படிக்கிற ஆன்ட்டிகளுக்கு, எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் எழுதிய ஆங்கிலோ இந்திய சமையல் புத்தகங்களும், தங்க வயல் நினைவுகள் பற்றிய புத்தகமும் இருக்கின்றன. பெரிய வகுப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், ஒரு கதை சொல்லுங்கள். 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் கருவிகளை வைத்து, காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவைக் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் அதை முதலில் பார்த்தவர்களில் அவர்களும் உண்டு. அந்தக் கருவிகளைக் கேஜில் இறக்கிய ஊரில் உன் தாத்தா வேலை பார்த்தார் என்று சொன்னால், கேஜிஎஃப் என்றாலே யஷ் துப்பாக்கி தூக்கும் படம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பையன் கொஞ்சம் நிமிர்வான். 2024-ல் 'தங்கலான்' பார்த்துவிட்டு என் மகள் தாத்தாவுக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசினாள். எனக்கு மாதக்கணக்கில் சேர்த்தாலும் அவ்வளவு நேரம் கிடைக்காது.

அம்மாவுக்குத் தங்கமே வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பினால் பெண்கள் 40 கிராம், ஆண்கள் 20 கிராம் வரை நகை சுங்கமில்லாமல் கொண்டு போகலாம். விதி அடிக்கடி மாறும், கிளம்புமுன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், பில் கையில் இருக்கட்டும். எங்கள் அம்மாவுக்கு தேரா கடைவீதி டிசைன் பிடிக்காது. ராபர்ட்சன்பேட்டை ஆசாரி செய்ததுதான் நகை. அதனால் நான் பணமாக அனுப்பி, அம்மாவே போய் வாங்குகிறது. கடைக்குப் போகிற அந்த ஒரு நாள்தான் அவருக்குப் பண்டிகை என்று எனக்குச் சந்தேகம்.

மிஞ்சுவது நைனா. சுரங்கத்தில் இருந்த அப்பாக்களுக்கு என் அனுபவத்தில் செல்லுபடியானவை சில. பிரித்துக் கொடுக்கக் கூடியது எதுவும் போகும். ஒரு பெரிய கேக் வேண்டாம், சின்னதாகப் பன்னிரண்டு. லைனில் பன்னிரண்டு வீடு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார், கொடுத்தவர் அவர் ஆகிவிடுகிறார், அதுதான் விஷயம். உடம்புக்கானதைப் பரிசு என்ற பெயரில் கொடுக்கவே கூடாது. நெஞ்சு டாக்டரிடம் நேரம் வாங்கி, ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போடலாமா என்று கேட்டு, "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் டோக்கன் போட்டிருக்கேன், நானும் போட்டுக்கணும்" என்று கூட்டிப் போக வேண்டும். தனக்காக என்றால் வர மாட்டார், எனக்குத் துணை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

போன வருஷத்திலிருந்து புதிதாக ஒன்று. செல்போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு மேஜையில் வைத்துவிடுகிறேன், கேள்வி மட்டும் கேட்கிறேன். எந்த லெவலில் வேலை, கேஜில் எத்தனை பேர், மேஸ்திரி யார், வெடி வைத்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், சோறு கட்டிப் போனதை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். இதுவரை ஏழு மணி நேரம் சேர்ந்திருக்கிறது. ஸ்டோப், வின்ஸ், ஸ்கிப் என்று நடுநடுவே இருமிக்கொண்டே சொல்லும் சொற்களில் பாதி எனக்குப் புரியாது, எழுதி வைத்து அடுத்த நாள் கேட்கிறேன். இந்த முறை அவரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அவரோடு ஒரே ஷிப்டில் இருந்த இன்னும் இரண்டு பேர் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறார்களாம், ஒருவருக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்களாம். "முதல்ல அவன்கிட்ட போயி கேளு, எனக்கென்ன அவசரம்" என்றார். டிசம்பர் 23 ராத்திரி பிளைட். 24 மத்தியானம் ஆண்டர்சன்பேட்டை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.